ஹரோவுக்குப் போன பந்துவீச்சாளன்

மிச்சம், லண்டன்
12.10.1992

அன்புத் தங்கச்சி வதனாவுக்கு,

அண்ணா எழுதுவது. குளிர் தொடங்கிவிட்டது. முழங்கால் நோவைத் தவிர எனக்குக் குறையொன்றுமில்லை. உன் மச்சாளும் சுகம். நீயும் தியாகராஜாவும் பிள்ளைகளும் கனடாக் குளிருக்கு இப்போதே உடுப்பு எடுத்து வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

எங்கள் மின்னொளிக் கிரிக்கெற் கழகம் முதன்முறையாகக் கப் எடுத்ததைப் போன கடிதத்தில் எழுதியிருந்தேன். இந்தக் கடிதத்தை எழுதவே கை கூசுகிறது. அருள்நேசன் போய்விட்டான். எங்கள் வேகப்பந்து வீச்சாளன், மன்னார்ப் பெடியன், இறுதியாட்டத்தில் ஹரோ வானவில் கழகத்தின் பாதி விக்கெற்றுகளைத் தனியாளாகச் சரித்தவன், வருகிற வருடம் அதே வானவில்லுக்கு விளையாடப் போகிறானாம். விக்கெற் காப்பாளன் குகதாசனையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

இங்கே மிச்சத்தில் எங்கள் ஆட்களிடம் இப்போது வேறு பேச்சில்லை. கடைக்கார நரசிம்மனைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன், மதுரைக்காரர், கிரிக்கெற்றுக்காகவே எங்களோடு ஒட்டிக்கொண்டவர். கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருந்த அணியின் படத்தைத் திருப்பிச் சுவரைப் பார்க்க வைத்துவிட்டார். மீன் வாங்க வருகிற பெண்கள்கூட நின்று திட்டிவிட்டுத்தான் போகிறார்கள்.

நோர்பரியில் பெற்றோல் அடித்துக்கொண்டு நின்றவனின் கை நீளத்தைப் பார்த்து, பந்து போடுவாயா என்று கேட்டவன் நான். அவன் காலுக்கு முதல் சப்பாத்து வாங்கிக் கொடுத்தது கழகம். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மேசையில் இருந்து சாப்பிட்டவன். சொந்தப் பிள்ளை போலத்தான் நினைத்தேன். வானவில்லின் தலைவர் ஒரு டொக்டர். பெரிய வீடு, பெரிய கார். என்ன ஆசை காட்டினாரோ, இவன் மயங்கிவிட்டான்.

மகள் பாமா வேலைக்குப் போய் வருகிறாள். வேறு புதினமான செய்தி ஒன்றுமில்லை.

அன்பு அண்ணா,
சிவானந்தன்


ஸ்காபரோ
8.11.1992

அன்பான அண்ணைக்கு,

பிள்ளைகள் இருவருக்கும் மூக்கடைத்துத் தடிமன் வந்து போய்விட்டது. இப்போது என் முறை. மற்றும்படி எல்லோரும் நல்லாயிருக்கிறோம். முழங்காலுக்கு நல்லெண்ணெய் பூசுகிறீர்களா, அல்லது மச்சாள் சொல்வதைக் கேளாமல் இருக்கிறீர்களா?

உங்கள் கடிதத்தை இவர் சத்தமாக வாசித்தார். அருள்நேசன் பந்து போட ஓடிவருவதை நீங்கள் எழுதி எழுதி, காணாமலே அந்தப் பிள்ளையை எங்களுக்கும் பிடித்துப் போயிருந்தது. கேட்க வருத்தமாக இருக்கிறது.

இங்கே எதிர்மாறு. ரொறன்ரோவின் பேஸ்போல் அணி உலகக் கிண்ணம் என்று ஒன்றை வென்றுவிட்டது. பேஸ்போல் கிரிக்கெற்றுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒரு விளையாட்டு. ஊர்வலம் நடந்த நாளில் என் பஸ் ஓரிடத்திலேயே நின்றுவிட்டது, ஒருவரும் கோபிக்கவில்லை. பக்டரியில் எனக்குப் பக்கத்து மெசினில் வேலை செய்யும் டொரீன், வெள்ளைக்காரப் பெண், விளையாட்டுக்காரரின் படங்களை மெசினைச் சுற்றி ஒட்டியிருக்கிறாள்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். ஒவ்வொரு ஞாயிறும் உங்கள் வீட்டில் சாப்பிட்ட பெடியன், போகும்போது ஒரு வார்த்தை சொல்லவில்லையா? நோர்பரியில் இருப்பவன் ஹரோவுக்குப் போக லண்டனின் ஒரு தலையிலிருந்து மற்றத் தலைக்கல்லவா போகவேண்டும்?

பாமாவுக்கு நான் போட்ட பிறந்தநாள் கடிதத்துக்குப் பதில் இல்லை. எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கச்சி,
சந்திரவதனா


மிச்சம், லண்டன்
6.12.1992

அன்புள்ள வதனாவுக்கு,

உன் தடிமன் இதற்குள் மாறியிருக்கும். மச்சாள் எண்ணெய் பூசுகிறாள், நான் பேசாமல் இருக்கிறேன்.

போன சனிக்கிழமை கழகத்தின் பொதுக்கூட்டம் நடந்தது. பாடசாலை மண்டபம் நிறைந்து ஆட்கள் வெளியிலும் நின்றார்கள். கப் எடுத்த நாளில்கூட இவ்வளவு கூட்டமில்லை. போன இருவருக்கும் கழகம் கொடுத்த பதக்கங்களைத் திருப்பிக் கேட்க வேண்டும், இனி எந்த விழாவுக்கும் அழைக்கக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தவன் நான்தான். கைதட்டல் அடங்க நேரமெடுத்தது. ஓர் ஆள் மட்டும் எழும்பி, பெடியள் ஏன் போனார்கள் என்று ஆராவது கேட்டீர்களா என்றார். நரசிம்மன் அவரைப் பேசவிடவில்லை. "சோறு போட்ட கையைக் கடிச்சுட்டுப் போனவனுக்கு என்னய்யா விளக்கம்?" என்றார். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது.

அவன் சொல்லிக்கொண்டு போனானா என்று கேட்டிருந்தாய். நன்றி கெட்டவன் சொல்லிக்கொண்டு போனாலென்ன, போகாவிட்டாலென்ன. அந்தக் கதையை விடு.

பாமாவுக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்திருக்கிறது. கணக்காளர். எங்கள் ஆட்கள், நல்ல குடும்பம். வீடு ஹரோவில்தான், அதற்கென்ன செய்வது. அவள் வேலைக் களைப்பில் இருக்கிறாள், எழுதுவாள்.

உன் அண்ணா,
சிவானந்தன்


ஸ்காபரோ
10.1.1993

அன்பான அண்ணைக்கு,

புது வருடத்தில் உங்கள் வீட்டில் நோய்நொடி ஒன்றும் அண்டாதிருக்கட்டும். இங்கே பனி முழங்கால் மட்டத்துக்குக் கிடக்கிறது. இவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டு, நான்தான் பனி வழிக்கிறேன்.

இந்த முறை டொரீனின் கதையை எழுத வேண்டும். வென்ற அணியிலிருந்து பெயரெடுத்த விளையாட்டுக்காரர் ஒவ்வொருவராக வேறு ஊர் அணிகளுக்குப் போய்விட்டார்கள். இந்த விளையாட்டில் பனி விழுகிற மாரிகாலம்தான் ஆட்கள் மாறுகிற காலமாம். டொரீன் படங்களைக் கிழித்து எறிந்தாள். கன்ரீனில் ஒவ்வொரு நாளும் சண்டை. காசுப் பேய்கள் என்று சிலர், நன்றியில்லாதவர்கள் என்று சிலர். உங்கள் கடிதத்தை ஆரோ இங்கிலீசில் வாசிப்பது போலிருந்தது எனக்கு.

பிறகு ஒருநாள் டொரீனே கிழித்த படமொன்றைப் பொறுக்கி ஒட்டுப் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன். அந்த மனிதனுக்கு இங்கேயே இருக்கத்தான் விருப்பமாம். அணியை நடத்துகிறவர்கள்தான் இரு என்று அவனிடம் சொல்லவில்லையாம். அவளுடைய கோபம் எல்லாம் இப்போது முதலாளிமார் மேல்.

அன்றிரவு உங்கள் கடிதங்களைத் திரும்ப எடுத்து வாசித்தேன். அருள்நேசன் எப்படி ஓடினான், எப்படி வீழ்த்தினான், எப்படிப் போனான், எல்லாம் இருக்கிறது. ஏன் போனான் என்பது மட்டும் இல்லை. டொக்டர் அவனுக்கு என்ன கொடுத்தார்? வேலையா, வீடா? அவன் இன்னும் நோர்பரியில் பெற்றோல்தான் அடிக்கிறானா?

பாமா ஏன் எழுதவில்லை, அண்ணை?

வதனா


மிச்சம், லண்டன்
31.1.1993

தங்கச்சி வதனாவுக்கு,

எல்லோரும் சுகம். நீங்களும் சுகமென்று அறிந்தேன். தியாகராஜாவை இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் பிடிக்கச் சொல்.

கனடாவில் இருந்துகொண்டு ஒரு வெள்ளைக்காரியின் பேச்சைக் கேட்டு என்னை விசாரணை செய்யாதே. அவன் பெற்றோல்தான் அடிக்கிறான். டொக்டர் ஒன்றும் கொடுத்ததாகத் தெரியவில்லை. காசுக்குப் போயிருந்தாலாவது விளங்கிக்கொள்ளலாம். அவன் போனது திமிரில்.

உனக்கு ஒன்று விளங்க வேண்டும். அவன் வேதக்காரன், மாதா கோயில் ஆள். மன்னாரில் எந்த இடம், ஆர் எவர் என்று எங்களுக்குத் தெரியாது. நன்றாகப் பந்து போட்டான், தோளில் தூக்கினோம். விளையாட்டு வேறு, வீடு வேறு. அது அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும்.

இதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

சிவானந்தன்


மிச்சம், லண்டன்
21.2.1993

அன்பு மாமிக்கு,

நான் பாமா. உங்களுக்கும் மாமாவுக்கும் தம்பி தங்கச்சிக்கும் என் அன்பு. நான் உடம்பால் சுகம். இவ்வளவு நாள் எழுதாததற்கும், எழுத்துப் பிழைகளுக்கும் மன்னியுங்கள்.

நீங்கள் அப்பாவுக்கு எழுதிய கடைசிக் கடிதம் மேசையில் கிடந்தது. வாசித்தேன். நீங்கள் கேட்ட கேள்விக்கு இந்த வீட்டில் ஒருவரும் பதில் எழுதமாட்டார்கள். அதனால் நான் எழுதுகிறேன்.

அருளும் நானும் ஒருவரையொருவர் விரும்பினோம். ஒளித்துத் திரிய அவருக்கு விருப்பமில்லை. கப் எடுத்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அப்பா நல்ல சந்தோசத்தில் இருப்பார் என்று நினைத்து, முறையாகக் கேட்க வந்தார். அவருடைய அக்கா இம்மாகுலேற் ஒரு கேக் செய்து கொண்டுவந்தா. துணைக்குக் குகதாசனும் வந்தார். அம்மா தேத்தண்ணி போட்டுக் கொடுத்தா.

அப்பா சத்தம் போடவில்லை, மாமி. சத்தம் போட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும். இம்மாகுலேற் அக்கா சொல்லி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சிரித்துக்கொண்டே, கேக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். அருளைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, நீ சனிக்கிழமை வழமை போல வா, விளையாடு. அதிலை எனக்கு ஒரு குறையுமில்லை. ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கம் வராதை."

அருள் கேக்கைக் கையில் எடுத்தார். "அப்ப சனிக்கிழமையும் வரமாட்டன், அங்கிள்" என்று சொல்லிவிட்டு எழும்பினார். குகதாசன் தேத்தண்ணியைத் தொடாமலே பின்னால் போனார். அவருக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை. எங்கள் ஆள்தான், எங்கள் சமயம்தான். அதைப் பார்த்துக்கொண்டு எப்படி இருப்பது என்றாராம்.

அதற்குப் பிறகு ஊர் முழுக்க அவரைத் துரோகி என்கிறது. கூட்டத்தில் அப்பா தீர்மானம் கொண்டுவந்ததை நரசிம்மன் அங்கிள் பெருமையாக எனக்கே சொன்னார். அருள் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் என் பெயர் கெட்டுவிடுமாம்.

கணக்காளரை நான் கட்டமாட்டேன். அப்பாவுக்கு நீங்கள் இதையெல்லாம் எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி. ஒளிக்க என்னிடம் ஒன்றுமில்லை.

அன்புடன்,
பாமா


ஸ்காபரோ
14.3.1993

அண்ணைக்கு,

சுகம் கேட்டு எழுத இன்று மனமில்லை. சுகமாக இருப்பீர்கள்.

பாமா எழுதினாள். அவளைத் திட்டவேண்டாம். நீங்கள் எழுதியிருக்க வேண்டியதைத்தான் அவள் எழுதினாள்.

பக்கம் பக்கமாக எனக்கு எழுதினீர்கள். சப்பாத்து வாங்கிக் கொடுத்தது எழுதினீர்கள். சோறு போட்டது எழுதினீர்கள். அந்தப் பிள்ளையின் அக்கா கொண்டுவந்த கேக்கைத் திருப்பி அனுப்பியதை எழுத மட்டும் உங்களுக்கு இடம் போதவில்லை. வாசலால் அனுப்பியவர் நீங்கள். பிறகு மண்டபம் நிறைய ஆட்களைக் கூட்டி, போய்விட்டான் என்று அவனுக்கு ஏச்சு வாங்கிக் கொடுத்தவரும் நீங்கள். அவன் வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்த மண்டபத்தில் உங்கள் முகம் என்னவாகியிருக்கும்? உங்கள் மகளுக்காக அவன் பேசாமல் இருந்தான். அவனைத்தான் நன்றி கெட்டவன் என்று எழுதினீர்கள்.

சொந்தப் பிள்ளை போல என்று எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தை இவருக்கு நான் வாசித்துக் காட்டவில்லை. வெட்கமாக இருந்தது.

வேதக்காரன் என்று எழுதினீர்கள். அது ஒன்றுதானா காரணம் என்று நான் கேட்கவில்லை. ஆருக்குக் காட்ட, அண்ணை? ஊரில் எங்கள் தெருவில் இருந்தவர்கள் பாரிசிலும் சூரிச்சிலும் இங்கேயும் சிதறிக் கிடக்கிறார்கள். அவர்களில் ஆர் வந்து உங்களுக்கு மார்க் போடப் போகிறார்கள்?

உங்களை எதிர்த்து நான் ஒருநாளும் கதைத்ததில்லை. என் கலியாணப் பேச்சு வந்தபோது, இவரை எனக்குப் பிடித்திருக்கிறதா என்று, வீட்டில் எல்லோருக்கும் முன்னால் என்னைக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். அந்த அண்ணைக்குத்தான் இதை எழுதுகிறேன்.

சந்திரவதனா


மிச்சம், லண்டன்
13.6.1993

அன்பு வதனாவுக்கு,

மச்சாள் கமலாம்பிகை எழுதுகிறேன். நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவள், உங்களுக்குத் தெரியும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கெட்டித்தனமாகப் படிக்கிறார்கள் என்று கேட்டுச் சந்தோசம். எனக்கு இரத்தப் பிறசர் கொஞ்சம் கூடிவிட்டது, குளிசை விழுங்குகிறேன்.

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து உங்கள் அண்ணை கதைப்பதைக் குறைத்துவிட்டார். பதில் எழுத இருப்பார், எழும்பிவிடுவார். சித்திரை மாதம் பாமா வீட்டை விட்டு இம்மாகுலேற்றிடம் போனாள். கதவடியில் நின்று, போயிட்டு வாறன் அப்பா என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அவர் பேப்பரிலிருந்து தலை எடுக்கவில்லை.

போன சனிக்கிழமை நோர்பரியில் மாதா கோயிலில் கலியாணம் நடந்தது. நான் போனேன். அவரிடம் உத்தரவு கேட்கவில்லை. கூறைச்சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு, போறன் என்று மட்டும் சொன்னேன். மூன்று வருடமாக அந்தப் பிள்ளைக்கு றோல்ஸ் பொரித்துக் கொடுத்தவள் நான். எவன் துரோகி என்று எனக்கு மண்டபத்தில் சொல்லித் தரத் தேவையில்லை. கோயிலில் மின்னொளிப் பெடியள் இரண்டு மூன்று பேரும் பின்வரிசை வாங்கில் வந்து இருந்தார்கள், ஆருக்கும் தெரியாமல்.

நான் திரும்பி வந்தபோது உங்கள் அண்ணை முன்பக்கத்துப் புல்லை வெட்டிக்கொண்டிருந்தார். காலையில் வெட்டிய புல்தான். பாமா என்ன நிறத்தில் சேலை உடுத்தாள் என்று மெசினை நிற்பாட்டாமலே கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டினார்.

இந்த வருடம் அவர் ஒரு கிரிக்கெற் மச்சும் பார்க்கப் போகவில்லை. நீங்கள் எழுதுவதை நிற்பாட்ட வேண்டாம்.

அன்பு மச்சாள்,
கமலாம்பிகை


ஸ்காபரோ
11.7.1993

அன்பான அண்ணைக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். வெயில் கொளுத்துகிறது. முழங்கால் இப்போது சுகமாயிருக்கும் என்று நினைக்கிறேன்.

திட்டுவதற்கு எழுதவில்லை. டொரீன் மச் பார்க்கப் போன கதையைச் சொல்லத்தான். போன வருடம் இங்கே விளையாடியவன் வேறு நிறச் சட்டையோடு வந்திருந்தானாம். கூ என்று கத்தவென்றே ரிக்கற் வாங்கிப் போனவள், கூக்காட்டியும் இருக்கிறாள். பிறகு அவன் நன்றாக ஆடினானாம். மறுநாள் தொண்டை கட்டிப் போய் வந்து, பார்த்தாயா அவன் எப்படி ஆடுகிறான் என்று எனக்குச் சொல்கிறாள், தன் வீட்டு ஆள் மாதிரி.

அருளும் பாமாவும் படம் அனுப்பியிருந்தார்கள். நல்ல உயரமான பிள்ளை.

வதனா


மிச்சம், லண்டன்
22.8.1993

அன்புத் தங்கச்சி வதனாவுக்கு,

அண்ணா எழுதுவது. முழங்கால் பரவாயில்லை. மச்சாளின் பிறசரும் இறங்கியிருக்கிறது. உங்கள் எல்லோருடைய சுகமும் உன் கடிதங்களால் தெரிகிறது.

மார்ச்சில் நீ எழுதியதற்குப் பதில் எழுதப் பலமுறை இருந்தேன். அது நிற்கட்டும். நேற்று நடந்த ஓர் அநியாயத்தை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வானவில் மிச்சத்துக்கு வந்து எங்களோடு விளையாடியது. நான் போவதில்லையென்றுதான் இருந்தேன். மச்சாள் றோல்ஸ் பெட்டியை என் கையில் தந்து, கொண்டுபோய்க் கொடுங்கள் என்றாள். ஆருக்கு என்று சொல்லவில்லை.

எங்கள் ஆட்கள் இருந்த பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தேன். அருள்நேசன் பந்தை எடுத்தவுடன் நரசிம்மன் தொடங்கிவிட்டார். கூ என்ற சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது. துரோகி என்றார்கள். அதைப் பொறுத்துக்கொண்டிருந்தேன். பிறகு பின்னாலிருந்து ஒருவன் அவனுடைய பிறப்பைப் பற்றி ஒரு சொல் சொன்னான். சொன்னவன் எங்கள் ஊர்ப் பெடியன். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான், நான் மெச்சுவேன் என்று நினைத்து. எனக்கு அங்கே இருக்க ஏலாமல் போய்விட்டது. கதிரையை மடித்துக்கொண்டு எல்லைக்கோட்டைச் சுற்றி நடந்தேன். சத்தம் குறைகிற இடம் பார்த்து நடந்து, வானவில் ஆட்கள் இருந்த பக்கத்துக்கு வந்துவிட்டேன். பாமா அங்கே புல்லில் இருந்தாள். நானும் கொஞ்சம் தள்ளிக் கதிரையை விரித்தேன். அவள் என்னைப் பார்த்தாள். றோல்ஸ் பெட்டியை என்னிடமிருந்து வாங்கிப் பக்கத்தில் வைத்தாள்.

இனித்தான் அநியாயம். அவன் போட்ட பந்துகளை நீ பார்த்திருக்க வேண்டும், வதனா. தொடக்கத்து ஆட்கள் மூவரும் அவனிடம் விழுந்தார்கள். மின்னொளி நடுங்கிக்கொண்டு நிற்கிறது. அந்த நேரத்தில் வானவில்லின் கப்டன், டொக்டரின் மருமகன், கிரிக்கெற் தெரியாத மனிதன், அவனை நிற்பாட்டி எல்லைக்கோட்டுக்கு அனுப்பிவிட்டுத் தன் தம்பியிடம் பந்தைக் கொடுக்கிறான். தம்பி போட்டதெல்லாம் அடி. பார்த்துக்கொண்டு எப்படி இருப்பது? எழும்பி நின்று, அவனிடம் பந்தைக் கொடு என்று கத்தினேன். மறுபடியும் கத்தினேன். ஆட்டம் நின்றுவிட்டது.

கப்டன் எல்லைக்கோட்டடிக்கு வந்தான். மரியாதையாகத்தான் கேட்டான். "ஐயா, நீங்கள் மின்னொளி ஆள் எல்லோ? எங்கடை போலரைப் பற்றிச் சொல்ல நீங்கள் ஆர்?"

அருள்நேசன் பக்கத்தில்தான் நின்றான். பாமாவும் எழும்பிவிட்டாள். மற்றப் பக்கத்தில் கூச்சல் போட்டவர்களும் என்ன நடக்கிறதென்று சத்தத்தை நிற்பாட்டிவிட்டார்கள்.

"நான் அவன்ரை மாமன்" என்றேன்.

 அந்த மனிதன் போய்ப் பந்தை அருள்நேசனிடம் கொடுத்தான். மிச்சக் கதை உனக்கு விளங்கும். மின்னொளி தேநீர் நேரத்துக்கு முன்பே சுருண்டது. என்னால்தான் தோற்றோம் என்று நரசிம்மன் இன்று கடையில் நின்று எல்லோருக்கும் சொல்கிறாராம். எனக்கு இனி மீன் தரமாட்டாராம். தராமல் போகட்டும்.

ஆட்டம் முடிய அவன் வந்து கதிரைக்குப் பக்கத்தில் நின்றான். பாமா பெட்டியைத் திறந்து கொடுத்தாள். நான் அவனிடம் என்னவோ சொல்லவேண்டுமென்று நினைத்து, பந்தை விடும்போது தோள் சரிகிறது, அதைப் பார் என்றுதான் சொன்னேன். ஓம், நானும் யோசித்தனான் என்றான். சாப்பிட்டான். அவன் சாப்பிட்டு முடிக்கும் வரை நாங்கள் மூன்று பேரும் அங்கேயே நின்றோம்.

ஆனால் அந்தக் கப்டனை நான் விடமாட்டேன். இப்படியொரு பந்துவீச்சாளனை வைத்துக்கொண்டு எல்லைக்கோட்டில் நிற்கவைப்பவன் எவனாவது இருப்பானா? டொக்டருக்கு நாளைக்கே ஒரு கடிதம் போடப்போகிறேன்.

மச்சாள் உங்களை விசாரிக்கிறாள். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

அன்பு அண்ணா,
சிவானந்தன்